ஒலி எப்படி நரம்புத் துடிப்பாகிறது: தருமபுரி, கிருஷ்ணகிரி மக்கள் காது பற்றி அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிரானைட் பட்டறையில் கல் அறுப்பவர்கள், ஓசூர் ஆலைகளில் பிரஸ் ஓட்டுபவர்கள், குழந்தைக்குக் காது கேட்கிறதா என்ற கவலையோடு வரும் பெற்றோர், "சத்தம் கேக்குது, பேச்சு புரியல" என்னும் பெரியவர்கள் என்று கேள்வி கேட்பவர்கள் பலவகை. எல்லாக் கேள்விக்கும் பதில் ஒரே பாதையில்தான் கிடக்கிறது. ஒலி செவிப்பறையில் தொடங்கி நரம்பில் முடியும் வழியில் எந்தப் படியில் பழுது என்று தெரிந்தால், எந்த வைத்தியம் உதவும், எது வீண் செலவு என்பது தானாகத் தெரியும். அதனால் முதலில் பாதை, பிறகு பழுது.

ஒலி உள்ளே போனதிலிருந்து மூளைக்குச் சேரும் வரை என்ன நடக்கிறது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

காற்றின் அதிர்வு சுமார் 2.5 செ.மீ. நீளமுள்ள காதுக் குழாய் வழியாகப் போய்ச் செவிப்பறையை, அதாவது நாம் ஜவ்வு என்று சொல்வதை, அசைக்கிறது. அதோடு ஒட்டிய சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று சிற்றெலும்புகள் அந்த அசைவை உட்செவியின் திரவத்துக்குத் தள்ளுகின்றன. திரவத்தில் ஓடும் அலை காக்ளியா என்ற சுருளுக்குள் ஒரு மெல்லிய சவ்வை ஏற்றி இறக்குகிறது. சவ்வின்மேல் உள்ள மயிர்ச்செல்கள் அந்த அசைவை மின்னழுத்த மாற்றமாக ஆக்கி, அடியில் ஒரு வேதிப்பொருளைக் கக்குகின்றன. அதை ஏற்ற செவிநரம்பு இழை துடிக்கிறது. செவிப்பறை அசைந்ததிலிருந்து நரம்பு துடிக்க ஆகும் நேரம் ஓரிரு மில்லிசெகண்ட்.

ஜவ்வும் மூன்று எலும்பும் எதற்கு? ஒலி நேராக உள்ளே போனால் ஆகாதா?

ஆகாது. காற்றில் வரும் ஒலி திரவத்தின் மேற்பரப்பில் பட்டால் அதன் ஆற்றலில் 99.9 விழுக்காடு திரும்பிப் போய்விடும். கிணற்றுத் தண்ணீருக்குள் மூழ்கியிருப்பவருக்கு மேலே நின்று கூப்பிடுபவர் குரல் கேட்காததற்குக் காரணம் இதுதான். உட்செவி முழுக்கத் திரவம் என்பதால் நடுச்செவி இந்த இழப்பை ஈடுகட்டியாக வேண்டும்.

ஈடு இரண்டு வழியில் வருகிறது. செவிப்பறையில் அதிரும் பரப்பு ஏறத்தாழ 55 சதுர மி.மீ. அங்கவடி எலும்பின் அடித்தட்டு 3.2 சதுர மி.மீ. மட்டுமே. பெரிய பரப்பில் வாங்கிய விசை சிறிய பரப்பில் இறங்குவதால் அழுத்தம் 17 மடங்கு கூடுகிறது. சுத்தி எலும்பின் கை பட்டடை எலும்பின் கையைவிடச் சற்று நீளம், அந்த நெம்பில் இன்னொரு 1.3 மடங்கு. மொத்தம் 22 மடங்கு, டெசிபெல் கணக்கில் சுமார் 27. அங்கவடி உடம்பிலேயே சிறிய எலும்பு, எடை சுமார் 3 மில்லிகிராம்.

ஜவ்வில் ஓட்டை விழுந்தால் முழுச் செவிடு ஆகிவிடுமா?

இல்லை. ஓட்டையின் அளவையும் இடத்தையும் பொறுத்து 10 முதல் 40 டெசிபெல் வரை குறையலாம். எலும்புத் தொடர் அறுந்து, ஜவ்வு மட்டும் மூடியிருந்தால் குறைவு 60 வரைகூடப் போகும். இவை எல்லாமே கடத்தல் பழுது, உள்ளே மயிர்ச்செல்லும் நரம்பும் நன்றாக இருக்கும். அதனால் ஜவ்வு ஒட்டும் அறுவை சிகிச்சையோ எலும்பை மாற்றுவதோ நல்ல பலன் தரும். சிறு ஓட்டை பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடும். அதுவரை காதில் தண்ணீர் போகக் கூடாது, சொட்டு மருந்து எதுவானாலும் மருத்துவரைக் கேட்காமல் விடக் கூடாது. சில சொட்டு மருந்துகள் ஓட்டை வழியே உட்செவிக்குப் போய் மயிர்ச்செல்லைக் கொல்லும்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் ஏறும்போது காது அடைக்கிறதே, அது நரம்புக் கோளாறா?

நரம்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஓசூர் கிருஷ்ணகிரியைவிடச் சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த ஏற்றத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 4 விழுக்காட்டுக்கு மேல் குறைகிறது, நடுச்செவியில் அடைபட்ட காற்று பழைய அழுத்தத்திலேயே நின்று ஜவ்வை வெளிப்பக்கம் தள்ளுகிறது. இழுத்துக் கட்டிய ஜவ்வு சரியாக அதிராது. எச்சில் விழுங்கினால் நடுச்செவியைத் தொண்டையோடு இணைக்கும் யூஸ்டேஷியன் குழல் திறந்து அழுத்தம் சமமாகும். இறங்கும்போது அடைப்பு கூடுதலாகத் தெரியும், ஏனென்றால் அந்தக் குழல் காற்றை வெளியே விடுவது சுலபம், உள்ளே வாங்குவது கடினம். சளி பிடித்திருந்தால் இன்னும் மோசம். கைக்குழந்தைக்கு இறக்கத்தில் பால் கொடுங்கள்.

காக்ளியாவுக்குள் எந்தச் சத்தம் எது என்று எப்படிப் பிரிகிறது?

காக்ளியா இரண்டரை முதல் இரண்டே முக்கால் சுற்று சுருண்ட எலும்புக் குழாய். உள்ளே ஓடும் அடிச்சவ்வை நீட்டி வைத்தால் சுமார் 35 மி.மீ. இருக்கும். வாசலில் அது குறுகலாகவும் விறைப்பாகவும் இருக்கிறது. உச்சிக்குப் போகப் போக அகலமும் தளர்ச்சியும் கூடுகின்றன: வாசலில் சுமார் 0.1 மி.மீ. அகலம், உச்சியில் 0.5 மி.மீ. அங்கவடி தள்ளியதும் ஓர் அலை சவ்வின்மேல் ஓடி, தன் அதிர்வெண்ணுக்கு ஏற்ற இடத்தில் உயரமாகி உடனே அடங்குகிறது. 10,000 ஹெர்ட்ஸ் கீச்சொலி வாசலருகிலேயே உச்சம் தொடும். பம்பையின் 100 ஹெர்ட்ஸ் அடி உச்சிவரை போகும்.

ஆக எந்த இடம் அசைகிறது என்பதே சுருதி. ஒவ்வொரு இடத்துக்கும் தனி நரம்பு இழை உண்டு, மூளை இழையின் முகவரியைப் பார்த்துச் சுருதியைச் சொல்கிறது. இந்த அலையை இறந்தவர்களின் காதுகளில் நுண்ணோக்கியால் பார்த்துக் காட்டிய கியோர்க் ஃபான் பெக்கேஷிக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது. இறந்த காதில் அவர் கண்ட அலை மழுங்கலாக இருந்தது. உயிருள்ள காதில் அது ஏன் அவ்வளவு கூர்மை என்பதைக் கீழே வெளி மயிர்ச்செல் பற்றிய கேள்வியில் பார்க்கலாம்.

இன்னொரு விஷயம்: எந்தச் சத்தம் உள்ளே வந்தாலும் வாசல் பகுதியைக் கடந்துதான் போக வேண்டும். வயதானாலும், இரைச்சலில் உழைத்தாலும், மருந்தால் கெட்டாலும் உயர்சுருதிக் கேள்வியே, அதாவது அதைக் கேட்கும் திறனே, முதலில் போகிறது. இதற்கு வாசல்பக்கச் செல்கள் எளிதில் நலியும் தன்மையும் காரணம்.

அசைவு மின்சாரமாக மாறுவது எந்த இடத்தில், எப்படி?

இதுதான் மொத்த விஷயத்தின் நடு. ஒவ்வொரு மயிர்ச்செல்லின் தலையிலும் பல பத்து நுண்மயிர்கள் குட்டை, நடுத்தரம், நெட்டை என்று வரிசையாக நிற்கின்றன. ஒரு குட்டை மயிரின் நுனியிலிருந்து பக்கத்து நெட்டை மயிரின் பக்கவாட்டுக்கு ஒரு புரத இழை கட்டியிருக்கிறது. இதை நுனி இழை என்போம். அதன் மேல்பாதி கேட்ஹெரின்-23, கீழ்பாதி புரோட்டோகேட்ஹெரின்-15 என்ற புரதங்கள். இழையின் கீழ்முனையில், குட்டை மயிரின் நுனியில், அயனிகள் நுழையும் ஒரு வாய்க்கால் இருக்கிறது. டிஎம்சி1 என்ற புரதம் அந்த வாய்க்காலின் முக்கியப் பகுதி.

அடிச்சவ்வு மேலே எழும்பும்போது மயிர்க்கட்டு நெட்டை மயிர் இருக்கும் பக்கம் சாய்கிறது. இழை இறுகுகிறது, தாழ்ப்பாளில் கட்டிய கயிற்றை இழுத்தால் கதவு திறப்பதுபோல் வாய்க்கால் திறக்கிறது. மறுபக்கம் சாய்ந்தால் இழை தளர்ந்து வாய்க்கால் மூடுகிறது. இடையில் எந்த வேதிச் செய்தியும் இல்லை, இழுவிசையே நேராகத் திறக்கிறது. கண்ணில் ஒளி மின்செய்தியாக மாற பல வேதிப் படிகளும் பல மில்லிசெகண்டும் வேண்டும். காதிலோ வாய்க்கால் திறக்கச் சில மைக்ரோசெகண்ட் போதும். ஒரு விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை ஆடும் ஒலியைப் பின்தொடர இந்த வேகம் இல்லாமல் முடியாது.

அசைவின் அளவையும் சொல்ல வேண்டும். காதுக்கு எட்டும் மிக மெல்லிய ஒலியில் மயிர்க்கட்டு நகர்வது ஒரு நானோமீட்டருக்கும் குறைவு, அதாவது சில அணுக்களின் அகலம்.

அந்த மின்சாரத்துக்கு பேட்டரி எங்கே இருக்கிறது?

காக்ளியாவின் நடு அறையில். அங்கிருக்கும் எண்டோலிம்ஃப் திரவம் உடம்பின் மற்றத் திரவங்களுக்கு நேர்மாறு: சோடியம் மிகக் குறைவு, பொட்டாசியம் மிக அதிகம். அந்த அறை சுமார் +80 மில்லிவோல்ட்டில் நிற்கிறது. மயிர்ச்செல்லின் உள்பக்கமோ -50, -60 அளவில். இரண்டுக்கும் இடையே 140 மில்லிவோல்ட் வரை வித்தியாசம். வாய்க்கால் திறந்ததும் பொட்டாசியம் பம்ப் எதுவும் இல்லாமல் உள்ளே பாய்கிறது. செல் தன் சொந்தச் சக்தியைச் செலவிடத் தேவையில்லை.

செலவு செய்வது பக்கச்சுவரில் உள்ள ஸ்ட்ரியா வாஸ்குலாரிஸ் என்ற இரத்தநாளம் மிகுந்த பட்டை. அது இரவும் பகலும் பொட்டாசியத்தை ஏற்றி மின்னழுத்தத்தைக் காக்கிறது. இரத்த ஓட்டம் நின்றால் ஒரு சில நிமிடங்களில் அந்த +80 விழுந்துவிடும். சிறுநீர் பிரியவைக்கும் ஃபுரோசெமைட் என்ற மருந்தை ஊசியாக அதிக அளவில், வேகமாக ஏற்றும்போது சிலருக்குக் காது மந்தமாவது இந்தப் பம்ப்பை அது தடுப்பதால்தான். பொதுவாக மருந்து குறைந்ததும் திரும்பிவிடும்.

செல்லிலிருந்து நரம்புக்கு எப்படித் தாவுகிறது?

பொட்டாசியம் நுழைந்து மின்னழுத்தம் ஏறியதும் செல்லின் அடிப்பகுதியில் கால்சியம் வாய்க்கால் திறக்கிறது. அங்கே நாடா வடிவப் பட்டை ஒன்றைச் சுற்றி குளூட்டமேட் நிரம்பிய நுண்பைகள் தயாராகக் காத்திருக்கின்றன. கால்சியம் தொட்டதும் அவை வெடித்துக் குளூட்டமேட்டைக் கொட்டுகின்றன. இந்த வெடிப்புக்கு ஓட்டோஃபெர்லின் என்ற புரதம் கட்டாயம். குளூட்டமேட் பட்ட நரம்பு இழை துடிக்கிறது.

ஒரு காதில் உள் மயிர்ச்செல்கள் 3,500 அளவே. செவிநரம்பில் சுமார் 30,000 இழைகள், அவற்றில் 95 விழுக்காடு இந்த ஒற்றை வரிசைச் செல்களிடமிருந்தே செய்தி எடுக்கின்றன. ஒரு செல்லுக்குப் பல இழைகள் தொங்கும். சில இழைகள் சிறு ஒலிக்கே துடிக்கும், சில பெருஒலிக்கு மட்டும். சத்தம் கூடக்கூடத் துடிப்பின் வேகமும் துடிக்கும் இழைகளின் எண்ணிக்கையும் ஏறுவதே மூளைக்கு உரத்த குரல். ஓர் இழை விநாடிக்குச் சில நூறு முறைக்கு மேல் துடிக்க முடியாது. ஆனாலும் பல இழைகள் முறை வைத்து அலையின் ஒரே கட்டத்தில் துடிப்பதால், சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை அலையின் தாளமே நரம்பில் பதிகிறது. கூத்துப் பாட்டுக்காரர் குரலையும் பின்பாட்டுக்காரர் குரலையும் பிரித்துக் கேட்க இந்தத் தாளம் பெரிதும் உதவுகிறது.

மூன்று வரிசையாக இன்னொரு வகைச் செல் இருக்கிறது என்கிறார்களே, அது என்ன செய்கிறது?

வெளி மயிர்ச்செல்கள், ஒரு காதுக்கு சுமார் 12,000. மூளைக்குச் செய்தி அனுப்புவது இவற்றின் முக்கிய வேலையே அல்ல. மின்னழுத்தம் மாறும்போதெல்லாம் இவை நீண்டு சுருங்கி அடிச்சவ்வைத் தாமே உதைத்து ஆட்டுகின்றன. அதற்கான இயந்திரம் பிரெஸ்டின் என்ற புரதம், 2000இல் கண்டுபிடிக்கப்பட்டது. இந்த உதை 40 முதல் 60 டெசிபெல் வரை பெருக்கம் தருகிறது, அதுவும் மெல்லிய ஒலிக்குத்தான் அதிகம். பெக்கேஷி பார்த்த இறந்த காதில் இது இல்லை, அதனால்தான் அங்கே அலை மழுங்கியிருந்தது.

இப்படி உதைக்கும்போது கொஞ்சம் அதிர்வு எலும்புகள் வழியே திரும்பி வெளியேயும் வருகிறது. காது தானே ஒலி எழுப்புகிறது என்று 1978இல் டேவிட் கெம்ப் பதிவுசெய்து காட்டினார். பச்சைக் குழந்தையின் காதில் சிறு குமிழை வைத்து ஒரு நிமிடத்தில் முடிக்கும் ஓ.ஏ.இ. சோதனை இந்த எதிரொலியைத்தான் தேடுகிறது.

"சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னு புரியல." ஏன்?

பெரியவர்களிடம் அதிகம் வரும் புகார் இது. வீட்டில் இருப்பவர்கள் "வேணும்னே கேக்காத மாதிரி இருக்காரு" என்று கோபப்படுவது அநியாயம்.

பேச்சில் உயிரொலிகள் தாழ்சுருதி, உரத்தவை. மெய்யொலிகளை வேறுபடுத்தும் துப்பு பெரும்பாலும் 2,000 முதல் 6,000 ஹெர்ட்ஸுக்குள், மெல்லியதாக இருக்கிறது. வாசல்பக்க வெளி மயிர்ச்செல்கள் போனவருக்குக் 'கா' நன்றாக விழும். அடுத்து வந்தது காது, காசு, காடு எது என்று தெரியாது. பெருக்கம் போனதோடு கூர்மையும் போய்விடுவதால், பக்கத்துச் சுருதிகள் ஒன்றையொன்று மூடும். டிவி ஓடும்போது, நாலு பேர் பேசும்போது நிலைமை இன்னும் கெடும்.

காதருகில் கத்துவது பலன் தராது. மெல்லிய ஒலிக்கு உதவிய பெருக்கம்தான் போயிற்று, உரத்த ஒலியை உள் மயிர்ச்செல் பழையபடியே வாங்கும். "கேக்கல", உடனே "ஏன் கத்தற" என்று அவர் சொல்வதில் முரண் இல்லை. முகம் பார்த்து, டிவியை நிறுத்திவிட்டு, வழக்கமான குரலில் நிதானமாகப் பேசுவதே சரி.

கல் பட்டறையில் எத்தனை மணி நேரம் வேலை செய்தால் காதுக்கு ஆபத்து?

பொதுவாக மருத்துவம் ஏற்கும் கணக்கு: 85 டெசிபெல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். 3 டெசிபெல் கூடினால் நேரம் பாதி. 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு ஒரு மணி, 100க்கு 15 நிமிடம். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் 90 டெசிபெலில் 8 மணி நேரத்தை அனுமதிக்கின்றன, அது காதுக்குத் தாராளமான கணக்கு. கையில் பிடித்துக் கிரானைட்டை அறுக்கும் ஆங்கிள் கிரைண்டர் சாதாரணமாக 100 டெசிபெலை ஒட்டியது, பாறை துளைக்கும் டிரில்லர் அதைவிட அதிகம். கருவி இல்லாமல் மதிப்பிட ஒரு வழி: ஒரு மீட்டர் தூரத்தில் நிற்பவருக்குக் கத்தினால்தான் கேட்கிறது என்றால் அங்கே 85க்கு மேல்.

இரைச்சல் முதலில் கெடுப்பது 4,000 ஹெர்ட்ஸ் பகுதியை. காதுக் குழாயின் நீளமே 3,000 ஹெர்ட்ஸ் அளவில் ஒலியைக் கூட்டிக் கொடுப்பது அதற்கு ஒரு காரணம். கேட்கும் திறனைச் சுருதிவாரியாகக் காட்டும் ஆடியோகிராம் தாளில் 4,000இல் பள்ளம் விழுந்து 8,000இல் ஓரளவு மேலே ஏறினால் இரைச்சல்தான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அந்தக் கட்டத்தில் தொழிலாளிக்கு எதுவும் தெரியாது. பள்ளம் 2,000க்கு அகலும்போதுதான் வீட்டில் சண்டை தொடங்கும்.

பஞ்சு அடைப்பது ஏறக்குறைய வீண், 5 முதல் 10 டெசிபெல்தான் குறையும். நுரை அடைப்பான் வாங்குங்கள், ஆனால் சரியாகப் போடுங்கள்: கை கழுவி, அடைப்பானை விரல்களுக்கிடையே உருட்டி மடிப்பில்லாமல் மெலிதாக்கி, மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும் வரை 30 விநாடி விரலால் பிடித்திருங்கள். வெளியே பாதி நீட்டிக்கொண்டிருந்தால் போடாததற்குச் சமம். பெட்டியில் 30 டெசிபெல் என்று போட்டிருந்தாலும் நடைமுறையில் பாதி கிடைத்தால் நல்லது. 8 மணி நேரத்தில் நடுநடுவே கழற்றினால் பயன் வேகமாகக் கரையும்.

இரைச்சலால் வரும் காது கேளாமை சட்டப்படி அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய தொழில் நோய். வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒரு ஆடியோகிராம் எடுத்து வைத்துக்கொள்வது தொழிலாளிக்கு நல்லது, பிறகு ஒப்பிட அதுதான் ஆதாரம்.

குவாரி வெடி, பட்டாசு ஒரே கணம்தானே, அது என்ன செய்யும்?

தொடர் இரைச்சல் மயிர்ச்செல்லைக் களைப்பாக்கிக் கொல்கிறது. வெடி நேரடியாகக் கிழிக்கிறது: நுனி இழை அறும், நுண்மயிர்கள் வளையும், சமயத்தில் ஜவ்வே கிழியும். உரத்த ஒலிக்கு அங்கவடியைப் பிடித்து இழுக்கும் தசை ஒன்று உண்டு. அது இறுகப் பல பத்து மில்லிசெகண்ட் ஆகும், வெடி அதற்குள் உள்ளே போய்விடும். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபெலைத் தாண்டும் பட்டாசுக்கு இந்தியாவில் தடை இருக்கிறது. தூரமே மலிவான காப்பு. திறந்தவெளியில் தூரத்தை இரட்டித்தால் 6 டெசிபெல் குறையும்.

திருவிழாவில் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்ற மறுநாள் காதில் "ங்கொய்" என்கிறது. சரியாகிவிடுமா?

பெரும்பாலும் ஓரிரு நாளில் கேள்வி திரும்பும். ஆனால் சரியாகிவிட்டது என்று ஆடியோகிராம் சொன்னாலும் முழு உண்மை அதல்ல. எலிகளில் செய்த ஆய்வில், கேள்வி முழுக்கத் திரும்பிய பிறகும் உள் மயிர்ச்செல்லுக்கும் நரம்புக்கும் இடையேயான இணைப்புகளில் பாதி வரை நிரந்தரமாக அறுந்திருந்ததை 2009இல் குஜாவாவும் லிபர்மனும் காட்டினார்கள். பெருஒலிக்கு மட்டும் துடிக்கும் இழைகள்தான் அதிகம் போகின்றன. அமைதியான அறைச் சோதனையில் இது அகப்படாது, கூட்டத்தில் பேச்சு புரியாதபோது தெரியும். ஓசை இரண்டு நாளுக்கு மேல் நின்றால் காட்டுங்கள்.

ஒகேனக்கல்லில் அருவி முன் நின்றால் பக்கத்தில் பேசுவது கேட்பதில்லை, வீட்டில் நன்றாகக் கேட்கிறது. காதில் குறையா?

குறை இல்லை. அருவி இரைச்சலில் எல்லா அதிர்வெண்ணும் கலந்திருக்கிறது, அதனால் அடிச்சவ்வு முழு நீளத்துக்கும் அசைகிறது, நரம்பு இழைகள் ஏற்கெனவே துடித்துக்கொண்டிருக்கின்றன. பேச்சு சேர்க்கும் கூடுதல் துடிப்பு அதில் கரைந்துவிடும். எல்லோருக்கும் இப்படித்தான்.

ஊசி மருந்தால் காது போகும் என்பது உண்மையா?

சில மருந்துகளுக்கு உண்மை. ஜென்டாமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின் வகை ஊசிகள் முன்பு சொன்ன அதே வாய்க்கால் வழியாகவே மயிர்ச்செல்லுக்குள் நுழைகின்றன, நுழைந்தவை எளிதில் வெளியேறுவதில்லை. வாசல்பக்க வெளி மயிர்ச்செல் முதலில் சாகும், ஊசியை நிறுத்திய பின்னும் வாரக்கணக்கில் இழப்பு தொடரலாம். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு ஆபத்து அதிகம். தாய்வழியில் யாருக்காவது இந்த ஊசியால் காது போயிருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள், தாயிடமிருந்து மட்டும் வரும் ஒரு மரபணு மாற்றம் ஓரிரு ஊசியிலேயே கேள்வியைப் பறிக்கும். புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டினும் மயிர்ச்செல்லைக் கொல்லும். அதிக அளவு ஆஸ்பிரின் பிரெஸ்டினைத் தடுத்து மந்தமாக்கும், நிறுத்தினால் திரும்பும். உயிர் காக்கத் தேவையான ஊசியைக் காதுக்குப் பயந்து மறுக்க வேண்டாம், காதுச் சோதனையோடு போடச் சொல்லுங்கள்.

தூங்கி எழுந்தால் ஒரு காது அடியோடு கேட்கவில்லை. குறும்பி என்று நினைத்து ஒரு வாரம் பார்க்கலாமா?

பார்க்கக் கூடாது. வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகிப் பாருங்கள். முனகல் கேட்காத காதுப் பக்கம் பலமாகத் தெரிந்தால் குறும்பி, சளி போன்ற கடத்தல் பழுதாக இருக்கலாம். நல்ல காதுப் பக்கம் ஒதுங்கினால் உட்செவி அல்லது நரம்பு. அப்படியானால் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டு சிகிச்சை முதல் சில நாளில் தொடங்கினால் பலன் அதிகம், இரண்டு வாரம் தாண்டினால் வெகுவாகக் குறையும். எண்ணெய் காய்ச்சி விட்டு நாளைக் கடத்துவதில்தான் பல காதுகள் போகின்றன.

சொந்தத்தில் கல்யாணம் செய்தால் குழந்தைக்குக் காது கேட்காதா?

எல்லாக் குழந்தைக்கும் அல்ல, வாய்ப்பு கூடுகிறது. பிறவிச் செவிட்டுத்தன்மைக்கு மிகப் பொதுவான மரபணுக் காரணங்களில் ஒன்று கனெக்சின்-26 புரதக் கோளாறு. மயிர்ச்செல் வழியே வந்த பொட்டாசியத்தைத் திரும்ப அறைக்குக் கொண்டுசேர்க்கும் செல் இணைப்புகளில் அந்தப் புரதம் இருக்கிறது. அது இல்லையென்றால் பேட்டரி நிற்காது. பெற்றோர் இருவரும் பழுதான பிரதியை ஒன்று வீதம் சுமந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அவர்களுக்குக் காது நன்றாகவே கேட்கும், அதனால் "எங்க வீட்ல யாருக்கும் இல்லையே" என்பது ஆறுதல் ஆகாது. தாய்மாமன், அக்காள் மகள் மணத்தில் இருவரும் ஒரே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு மாமன் மகள், அத்தை மகள் மணத்தைவிட இரு மடங்கு.

மணம் முடிந்துவிட்டது என்றால் செய்ய வேண்டியது ஒன்றே: குழந்தைக்கு ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் காது மிஷினும் பேச்சுப் பயிற்சியும். தட்டைத் தட்டிப் பார்த்துத் திரும்புகிறது என்று விட்டுவிடாதீர்கள், தட்டின் அதிர்வும் நிழலும் போதும் குழந்தை திரும்ப.

ஓ.ஏ.இ. நார்மல், பெரா டெஸ்டில் ஒன்றும் வரவில்லை. மிஷின் கோளாறா?

இல்லாமலும் இருக்கலாம். ஓ.ஏ.இ. வெளி மயிர்ச்செல் வரைதான் பார்க்கும். பெரா, தலையில் ஒட்டும் மின்முனைகளால் நரம்பும் மூளைத்தண்டும் துடிப்பதைப் பார்க்கும். முதலாவது வந்து இரண்டாவது வராவிட்டால் பழுது உள் மயிர்ச்செல்லிலோ அதன் நரம்பு இணைப்பிலோ நரம்பிலோ. கடும் மஞ்சள்காமாலை வந்த, குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளிடமும், ஓட்டோஃபெர்லின் கோளாறிலும் இதைக் காணலாம். தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தைக்கு ஓ.ஏ.இ. மட்டும் எடுத்து அனுப்பினால் பெராவும் கேளுங்கள்.

காது மிஷின் போதுமா, காக்ளியர் இம்ப்ளான்ட் வேண்டுமா?

மிஷின் ஒலியைப் பெரிதாக்கும், அதை வாங்க உயிருள்ள மயிர்ச்செல் வேண்டும். ஓரளவு செல் மிச்சமிருந்தால் மிஷின் நல்ல தீர்வு. இரண்டு காதிலும் செல் அநேகமாகப் போயிருந்தால் எவ்வளவு விலை மிஷினும் கூச்சலைத்தான் தரும். இம்ப்ளான்ட் மயிர்ச்செல்லைத் தாண்டி, 12 முதல் 22 மின்முனைகளால் நரம்பை நேராகத் தூண்டுகிறது. வாசலில் உள்ள முனைக்கு உயர்சுருதி, உள்ளே போகப் போகத் தாழ்சுருதி என்று காக்ளியாவின் அதே முகவரி. நரம்பே இல்லையென்றால் இதுவும் பயனில்லை, அதனால் முன்பே எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். பிறவிச் செவிடான குழந்தைக்கு மூன்று வயதுக்குள் வைப்பது பேச்சுக்குப் பெரிய வித்தியாசம் தரும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு இது உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் வழி கேட்கலாம். அறுவை பாதி வேலை, பிறகு ஓரிரு ஆண்டு பயிற்சி மீதி.

செத்த மயிர்ச்செல் திரும்ப முளைக்குமா?

கோழிக்கும் மீனுக்கும் முளைக்கும், மனிதனுக்கு இல்லை. கருவிலேயே உருவான எண்ணிக்கைதான் ஆயுளுக்கும். "நரம்பு வலுவாக" என்று விற்கும் மாத்திரைகள் எதுவும் மயிர்ச்செல்லை வளர்ப்பதாக நிரூபிக்கப்படவில்லை. ஓட்டோஃபெர்லின் கோளாறு மட்டும் உள்ள குழந்தைகளுக்கு மரபணு சிகிச்சையால் கேள்வி வந்ததாக 2024இல் முடிவுகள் வெளியாயின. அங்கே செல்கள் உயிரோடு இருந்தன, ஒரு புரதம்தான் இல்லை. செல்லே செத்த காதுக்கு அது பொருந்தாது.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்க எவ்வளவு குறை இருக்க வேண்டும்?

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பேச்சு அதிர்வெண்களில் இரு காதிலும் 70 டெசிபெல் இழப்பு என்றால் செவிடு, 60 முதல் 70 என்றால் கேட்கும் திறன் குறைந்தவர். ஒரு காது மட்டும் போனால் இந்த வரையறைக்குள் வராது. ஆடியோகிராமுக்குப் போகும் முன் 16 மணி நேரமாவது பட்டறைக்கோ இரைச்சலுக்கோ போகாதீர்கள். தற்காலிக மந்தம் கலந்தால் தாள் தவறாக வரும், திரும்ப எடுக்கச் சொல்வார்கள். பழைய தாள்கள், போட்ட ஊசி மருந்துச் சீட்டுகள், ஆதார் அட்டை, புகைப்படம் கையோடு இருக்கட்டும்.